குமரி மாவட்டத்துல புது வீடா, பழைய வீடா: வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது எல்லாம்

நம்ம ஊர்ல வீடு வாங்கப் போறோம்னு சொன்ன உடனே எல்லாரும் கேக்குற கேள்வி புதுசா பழசான்னுதான். நான் தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கமா சைட் சூப்பர்வைசரா வேலை பாக்கேன். புதுசாவும் கட்டிருக்கோம், பழசை உடைச்சு சரி பண்ணியும் குடுத்திருக்கோம், அதனால சொந்தக்காரங்க கூட்டாளிகள் யாரு வீடு பாக்கப் போனாலும் "நீயும் ஒருக்கா வந்து பாருடே"ன்னு கூப்பிடுவாங்க. அப்படி பாத்த வரைக்கும் சொல்றேன், கன்னியாகுமரி மாவட்டத்துல வீட்டோட வயசு மூணாவதா பாக்க வேண்டிய விஷயம். முதல்ல தண்ணி, அடுத்தது பத்திரம். இது ரெண்டும் சுத்தமா இருக்கிற 15 வருஷ வீடு, இதுல ஒண்ணு இடிக்கிற புத்தம்புது வீட்டைவிட எவ்வளவோ மேல. அந்த வரிசையிலயே போவோம்.

படி 1: மழை பெய்யும்போது போய் இடத்தைப் பாருங்க

நமக்கு மழை ரெண்டு. ஜூன்ல தென்மேற்கு தொடங்கும், ஐப்பசி கார்த்திகைல வடகிழக்கு வந்து மறுபடி ஊத்தும். மாசி பங்குனில பாத்தா எல்லா வீடும் நல்லாத்தான் இருக்கும். அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நல்ல மழை நாள்ல, முடிஞ்சா ரெண்டு மூணு மணி நேரம் தொடர்ந்து பெஞ்ச பிறகு, அந்த வீட்டுக்கு புரோக்கர் இல்லாம நீங்களே போங்க.

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, நாகர்கோவிலைச் சுத்தி புதுசா வந்த வீடுகள்ல நிறைய வயல்ல மண்ணடிச்சு போட்ட பிளாட்லதான் நிக்கு. வயல்ங்கறது தண்ணி நிக்கிறதுக்குன்னே உள்ள இடம், மேல நாலு அடி செம்மண் போட்டுட்டா தண்ணிக்கு வழி மறந்து போகாது. 2021 நவம்பர் மழைல பழையாத்துக் கரைலயும் குழித்துறை ஆத்துப் பக்கமும் வீட்டுக்குள்ள தண்ணி ஏறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு பழைய வீடுன்னா "2021-ல தண்ணி எவ்வளவு தூரம் வந்துச்சு"ன்னு கேட்டாலே பதில் கிடைச்சிரும். 2022-க்கு அப்புறம் கட்டின வீட்டுக்கு அந்த பதிலே கிடையாது, பக்கத்து வீட்டைத்தான் கேக்கணும்.

அதுவும் யார்ட்ட கேக்கணும்னு இருக்கு. ஒரு தடவை சுசீந்திரம் பக்கம் ஒரு புது வீடு பாக்கப் போனோம், விக்கிறவர் "இந்தப் பக்கம் தண்ணியே வராது"ன்னு அடிச்சு சொன்னாரு. அடுத்த வீட்டுத் திண்ணைல பூ கட்டிட்டு இருந்த பாட்டிட்ட போய் "ஆச்சி, இங்க மழைக்கு தண்ணி ஏறுமா"ன்னு கேட்டேன். "ஏறும் மக்களே, ஐப்பசில வாசப்படி வரைக்கும் வரும், ரெண்டு நாள்ல எறங்கிரும்"னு சாதாரணமா சொல்லிட்டாங்க. அவங்களுக்கு அது பழகிப்போன விஷயம். அதனால பக்கத்துல இருக்கிற வயசான ஆளு, டீக்கடைக்காரர், பால்காரர் இவங்ககிட்ட கேளுங்க, எதையும் மறைக்கணும்னு அவங்களுக்கு அவசியமே கிடையாது.

கண்ணுலயும் கொஞ்சம் பாக்கலாம். காம்பவுண்ட் சுவர்ல முழங்கால் ஒசரத்துக்கு மட்டும் புது பெயிண்ட் அடிச்சிருக்கா, கேட்டோட கீழ்ப்பாகம் மட்டும் துருப்பிடிச்சிருக்கா, சுவத்துல அடிப்பக்கம் உப்பு பூத்து பெயிண்ட் பொரிஞ்சு நிக்குதா. அப்புறம் ரோட்டோட ஒசரம். ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் ரோடு கொஞ்சம் ஏறும், பழைய வீட்டோட தரைமட்டம் ரோட்டுக்குக் கீழ போயிருந்தா ரோட்டுத் தண்ணி எல்லாம் முத்தத்துலதான்.

கடற்கரைப் பக்கம்னா இன்னொரு கணக்கு. உச்ச அலைக்கோட்டுலருந்து 500 மீட்டர் வரைக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டலம், சிஆர்இசட்னு சொல்லுவாங்க, அதுக்குள்ள கட்டவோ இடிச்சுக் கட்டவோ தனி அனுமதி வேணும். மணக்குடி, தேங்காப்பட்டணம் மாதிரி ஆறு கடல்ல சேர்ற இடத்துலயும் கழிமுகத்தை ஒட்டி இந்த ரூல் உண்டு. அங்க பழைய வீட்டை வாங்கி இடிச்சுட்டு பெருசா கட்டிக்கலாம்னு நினைச்சா முதல்ல இதை விசாரிங்க. மலைப்பக்கம், அதாவது தோவாளை, கல்குளம், விளவங்கோடு பழைய தாலுகா எல்லைல, ஹாகா லிஸ்ட்ல, அதாவது மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தோட லிஸ்ட்ல, உள்ள கிராமமான்னு பாக்கணும். தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துல வர்ற சர்வே நம்பரா இருந்தா விக்கிறதுக்கே அனுமதி கேக்கணும். ரப்பர் தோட்டம் நடுவுல அழகா ஒரு வீடு கம்மி விலைக்கு வந்தா காரணம் பெரும்பாலும் இதுல எங்கயாவது இருக்கும்.

படி 2: வழி, கிணறு

நம்ம ஊர்ல வீடு எல்லாம் தனித்தனியா தென்னை மரத்துக்கு நடுவுல இருக்கும், அதனால அடுத்தவங்க விளை வழியா நடந்து போற வீடு நிறைய. இன்னைக்கு விடுவாங்க, இடம் கைமாறினா நாளைக்கு வேலி போடுவாங்க. பத்திரத்துல சொத்து விவரத்துல வழிப் பாத்தியம் எத்தனை அடி அகலம்னு எழுதிருக்கான்னு பாருங்க, "வழக்கமா போற வழிதான்"ங்கற வாய்ப்பேச்சு வேண்டாம். ஆம்புலன்ஸ் வருமா, லாரி வருமா. லாரி ரோட்டுலயே நின்னுட்டா நீங்க செய்யப்போற ஒவ்வொரு ரிப்பேருக்கும் மணல், சல்லி, சிமெண்ட் எல்லாம் தலைச்சுமடாத்தான் வரணும், கூலி தனியா ஏறும். பழைய வீடு வாங்கறவங்க இதை மறந்துருவாங்க.

கிணறு சித்திரைல பாக்கணும். மத்த நேரம்னா கிணத்துக்குள்ள எட்டிப் பாத்து உறைல ஈரம் காய்ஞ்ச கோடு எவ்வளவு கீழ வரை இருக்குன்னு கவனிங்க. கடற்கரை ஊர்கள்ல வாயில வச்சு பாத்தாலே உப்பு தெரியும், ஆனா வெயில் காலத்துல கூடுதலாகும், அதனால மழைக்காலத்து ருசியை நம்பாதீங்க.

அதைவிட பெரிய விஷயம் செப்டிக் டேங்க். கழிவுநீர் மண்ணுக்குள்ள இறங்குற குழிக்கும் குடிதண்ணிக் கிணத்துக்கும் நடுவுல 18 மீட்டராவது வேணும்னு இந்திய தர நிர்ணயத்துல சொல்லிருக்கு. 5 சென்ட்டுன்னா 2178 சதுர அடி, சதுரமா எடுத்தா ஒரு பக்கம் 14 மீட்டர் கொஞ்சம் கூட. அப்பம் உங்க குழி தள்ளி இருந்தாலும் பக்கத்து வீட்டுக் குழி உங்க கிணத்துக்கு கிட்ட வந்துரும். 10 சென்ட் விளையை ரெண்டா பிரிச்சு ரெண்டு புது வீடு கட்டி விக்கிறாங்கல்லா, அங்க இது கட்டாயம் பாக்கணும். தண்ணியை லேப்ல குடுத்து கோலிஃபார்ம் டெஸ்ட், அதாவது கழிவுக் கிருமி கலந்திருக்கான்னு பாக்குற டெஸ்ட், எடுங்க, பெரிய செலவு கிடையாது.

படி 3: பத்திரம், இங்கதான் பழைய வீட்டுல ஜாஸ்தி கவனம் வேணும்

1956 நவம்பர் 1-ம் தேதிதான் நாம தமிழ்நாட்டோட சேர்ந்தோம், அதுக்கு முன்னாடி உள்ளது எல்லாம் திருவிதாங்கூர் ரெக்கார்ட். அதனால மூலப்பத்திரம் பல வீட்டுல மலையாளத்துல, கொல்லம் ஆண்டு போட்டு இருக்கும். கொல்லம் 1110-னா 1934-35, அதாவது 824 இல்லைன்னா 825 கூட்டிக்கணும். பழைய பத்திர எழுத்துக்காரங்கள்ல மலையாளம் வாசிக்கத் தெரிஞ்சவங்க இன்னும் இருக்காங்க, அவங்கள வச்சு முழுசா தமிழ்ல எழுதி வாங்குங்க. அதுல தேவசம் நிலம்னோ ஸ்ரீபண்டாரவகைன்னோ, ரெண்டுமே பழைய கோயில் நிலம், வந்தா வக்கீல்ட்ட காட்டாம ஒரு ரூபா குடுக்கப்பிடாது. ஸ்ரீபண்டாரவகை நிலங்களை ரயத்துவாரியா, அதாவது சாதாரண பட்டா நிலமா, மாத்த 1964-லயே சட்டம் வந்தாச்சு, ஆனா நீங்க வாங்குற சர்வே நம்பருக்கு பட்டா ஒழுங்கா இறங்கிருக்காங்கறதுதான் விஷயம். பழைய சர்வே நம்பரும் ரீசர்வே நம்பரும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதான்னும் பாக்கணும், ஏன்னா பழைய பத்திரத்துல ஒரு நம்பர், பட்டாவுல வேற நம்பர் இருக்கும்.

வாரிசு விஷயம்தான் நான் பாத்ததுல அதிகமா வம்பு இழுக்கறது. குடும்ப வீட்டை அண்ணன் தம்பிங்க மட்டும் கையெழுத்து போட்டு விக்க வருவாங்க. அக்கா தங்கச்சியைப் பத்தி கேட்டா "நகை போட்டு கெட்டிக் குடுத்தாச்சு, அவளுக்கு இதுல என்ன"ம்பாங்க. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்துல ஸ்ரீதனத்தோட மகளுக்கு முடிச்சிருவாங்க, அந்த நினைப்பு இன்னும் போகல. ஆனா 1986-ல மேரி ராய் வழக்குல உச்ச நீதிமன்றம், அந்தப் பழைய சட்டம் 1951-லயே போயாச்சு, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும்னு தீர்ப்பு சொல்லிட்டு. அதுப்படி உயில் இல்லாம அப்பா இறந்தா மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. இந்துக் குடும்பத்துலயும் 2005 திருத்தத்துக்கு அப்புறம் பூர்வீகச் சொத்துல மகளுக்கு மகன் மாதிரியே உரிமை. அதனால வாரிசுச் சான்றுல பேர் உள்ள எல்லாரும், வெளியூர்ல கெட்டிக் குடுத்த அக்காவும் சேத்து, கையெழுத்து போடணும் இல்லைன்னா விடுதலைப் பத்திரம் ரிஜிஸ்டர் பண்ணிருக்கணும். அந்த அக்காவுக்கும் அது நியாயம்தான், அவங்க பங்கை விட்டுக் குடுக்கணும்னா தெரிஞ்சு குடுக்கட்டும்.

கல்ஃப்ல இருக்கவங்க வீடு விக்கிறதும் இங்க ஜாஸ்தி, தம்பி பவர், அதாவது அவருக்காக விக்கிறதுக்கான அதிகாரப் பத்திரம், வச்சுட்டு நிப்பாரு. வெளிநாட்டுல எழுதின பவர்னா இந்தியத் தூதரகத்துல சான்று வாங்கி, இங்க வந்து 3 மாசத்துக்குள்ள மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல முத்திரைத்தீர்வை கட்டிருக்கணும். எழுதிக் குடுத்தவர் இறந்துட்டா பவரும் செல்லாது, அதனால வீடியோ கால்ல அவர்கிட்டயே நேரா பேசிருங்க. விக்கிறவர் என்ஆர்ஐன்னா வரிப் பிடித்தமும் உங்க பொறுப்பு. சாதாரணமா 50 லட்சமும் அதுக்கு மேலயும்னா 1% பிடிச்சா போதும், என்ஆர்ஐக்கு அந்த 50 லட்சம் வரம்பே கிடையாது, ரேட்டும் அதிகம். ஒரு ஆடிட்டரைப் பாத்துட்டு பணத்தை குடுங்க.

வில்லங்கச் சான்று பதிவுத்துறை வெப்சைட்லயே எடுக்கலாம், ரொம்ப பழசுக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல மானுவலா போடணும். அதுல ஒண்ணும் இல்லைன்னாலும் ஒரிஜினல் பத்திரத்தைக் கண்ணால பாருங்க, பத்திரத்தைக் கையில குடுத்து கடன் வாங்கிருந்தா அது எங்கயும் பதிவாகாம இருக்கலாம். கூட்டுப்பட்டாவா தனிப்பட்டாவா, புலப்படத்துல, அதாவது சர்வே வரைபடத்துல, உள்ள அளவு நிலத்துல இருக்கா, இதுக்கு ஒரு சர்வேயரை வச்சு அளந்துருங்க.

புது வீட்டுக்கு பேப்பர் கம்மி, ஆனா கேள்வி வேற. மனைக்கு டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்புத் துறை, அங்கீகாரம் உண்டா, நஞ்சைன்னா மாத்த அனுமதி வாங்கிருக்கா, 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி மனையா பதிவான இடம்னா வரன்முறை பண்ணிருக்கா, பிளான் அப்ரூவல்ல உள்ள மாதிரிதான் கட்டிருக்கா. இந்த நாலும் போதும்.

படி 4: புது வீடுன்னா

பெரிய சிட்டில ரெரா, அதாவது வீடு கட்டி விக்கிறவங்களை ஒழுங்குபடுத்துற சட்டம், இருக்குன்னு தைரியமா இருக்கலாம். ஆனா நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல போகலைன்னாலும், வீடு 8-க்கு மேல இல்லைன்னாலும் ரெரா பதிவு கட்டாயம் இல்லை. 500 சதுர மீட்டர்னா 12 சென்ட் சொச்சம். நம்ம ஊர்ல கட்டி விக்கிற வீடு முக்கால்வாசி இதுக்குள்ளதான் வருது. ரெரா சட்டத்துல கட்டுமானக் குறைக்கு 5 வருஷம் பில்டர் பொறுப்புன்னு இருக்கு, அதே 5 வருஷத்தை உங்க அக்ரிமெண்ட்ல எழுதி வாங்குங்க, ஒழுக்கு, விரிசல், தரை இறக்கம் மூணையும் பேர் சொல்லி எழுதணும்.

கட்டிட்டு இருக்கும்போதே புக் பண்றது ஒரு வகைல நல்லது, உள்ள என்ன போகுதுன்னு பாக்கலாம். அஸ்திவாரம் பழைய மண்ணு வரைக்கும் போச்சா இல்ல அடிச்ச மண்ணுலயே நிக்கா. கான்கிரீட் போடுற அன்னைக்கு போய் நில்லுங்க, கம்பியைத் தூக்கி நிறுத்த அடில கவர் பிளாக்னு சின்னக் கட்டை வச்சிருக்கா இல்ல கம்பி பலகைல கிடக்கா. சாதா வீட்டுக்கு எம்20 கான்கிரீட் போடுவாங்க, நம்பர் கூடினா பலம் கூடும், ஆனா கடற்கரைச் சூழலுக்கு ஐஎஸ் 456-ங்கற இந்திய கான்கிரீட் தர விதி சொல்றது குறைஞ்சது எம்30, கம்பிக்கு மேல 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடுற கான்கிரீட் கனம். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி பக்கம் கடல் காத்து அடிக்கிற இடத்துல இதை வாய்விட்டு கேளுங்க. போட்ட பிறகு குறைஞ்சது 7 நாள், சாம்பல் மாதிரி பொருள் கலந்த பிபிசி சிமெண்ட்னா 10 நாள் தண்ணி நிக்கணும்.

முடிஞ்ச வீடுன்னா மொட்டை மாடில தண்ணி கட்டி ஒரு நாள் விட்டு கீழ வந்து பாருங்க, பாத்ரூம்ல ஒரு வாளி ஊத்தி தண்ணி குழியைத் தேடி ஓடுதா இல்ல மூலைல நிக்கான்னு பாருங்க, டைல்ஸை நாணயத்தால தட்டினா பொத்துன்னு கேக்கிற இடம் எல்லாம் அடில காலி. முடி மாதிரி பூச்சு வெடிப்பு முதல் வருஷம் வரத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலைலருந்து சாய்வா ஓடுற வெடிப்பு, அதுவும் மூணு மில்லிமீட்டருக்கு மேலன்னா, நின்னு ஒரு இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

படி 5: பழைய வீடுன்னா

எனக்கு பிடிச்சது எதுன்னு கேட்டா, ஒருத்தர் தனக்குன்னு நின்னு கட்டி 8 லருந்து 15 வருஷம் குடியிருந்த வீடு. அவர் செலவைப் பாக்காம கம்பி போட்டிருப்பாரு, ஒழுகுற இடம் எல்லாம் இதுக்குள்ள ஒழுகி முடிச்சிருக்கும், அஸ்திவாரம் இறங்கணும்னா இறங்கிருக்கும், மழை அதைப் பரிசோதிச்சு காட்டிருச்சு. ஆனா கடல்லருந்து கொஞ்ச தூரத்துல உள்ள பழைய வீட்டுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

முட்டம் பக்கத்துல ஒரு வீட்டுல சித்தப்பா மகனுக்காகப் பாக்கப் போனோம். ஹால்ல புது பால்ஸ் சீலிங், பளபளன்னு லைட். வெளிய வந்து சன்ஷேடுக்கு அடியை பாத்தா கம்பி ஓடுற நேருக்கு பழுப்பா ஒரு கோடு. ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால தட்டினேன், பூச்சு ஒரு பாளமா கைல வந்துட்டு, உள்ள கம்பி அடுக்கு அடுக்கா உரிஞ்சு பாதி கனம்தான் இருந்துச்சு. பால்ஸ் சீலிங்கை ரெண்டு இடத்துல கழட்டி காட்டச் சொன்னோம், முடியாதுன்னுட்டாங்க, நாங்களும் கிளம்பிட்டோம். எங்க சீலிங் இருந்தாலும் கழட்டிப் பாக்காம முடிவு எடுக்காதீங்க.

நிலைக் கதவோட அடிப்பாகத்தை ஸ்க்ரூடிரைவரால குத்துங்க, கறையான் தின்னிருந்தா உள்ள இறங்கும். ஓட்டு வீடுன்னா கழுக்கோல், உத்திரம் எல்லாம் ஏறிப் பாக்கணும், நல்ல அயனியோ தேக்கோ இருந்தா மரத்துக்கே விலை உண்டு. வயரிங் எர்த் இல்லாம ரெண்டு கம்பில ஓடினா முழுசா மாத்த வேண்டியதுதான், ஷாக் அடிச்சா கரண்டை உடனே வெட்டுற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி போட்டுருங்க. ஜிஐ பைப், பழைய செப்டிக் டேங்க், வீட்டு மேல சாயுற ரப்பரோ தென்னையோ, எல்லாத்தையும் பாருங்க; ஒக்கி புயல் அடிச்ச 2017 நவம்பர் 30-க்கு அப்புறம் மரத்தை யாரும் லேசா எடுக்கறதில்ல. இது எல்லாத்துக்கும் ஒரு கொத்தனார், ஒரு எலக்ட்ரீசியன் ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய் எஸ்டிமேட் போட்டு, அந்தத் தொகையைக் காட்டி விலையைக் குறைச்சுப் பேசுங்க.

படி 6: பணம்

மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக்கட்டணம் 2%. 40 லட்சத்துக்கு 3,60,000 ரூபா கைல இருக்கணும், பொதுவா பேங்க் லோன்ல இது வராது. கட்டி முடிச்ச புது தனி வீடும் கட்டடத்தோட சேத்து பதிஞ்சா இதே கணக்குதான். நிலத்தை முதல்ல பதிஞ்சுட்டு அப்புறம் கட்டுறதுன்னா நிலத்துக்கு 9%, கட்டுமான ஒப்பந்தத்துக்கு 1% முத்திரை 3% பதிவு. அதே 40 லட்சத்துல நிலம் 15, கட்டடம் 25-னா 1,35,000 கூட 1,00,000, மொத்தம் 2,35,000. வித்தியாசம் பெருசுதான், ஆனா வீடு ஏற்கனவே எழும்பி நிக்கும்போது கட்டுமான ஒப்பந்தம்னு பதியச் சொன்னா ஒத்துக்காதீங்க, பதிவுத்துறை ஆள் ஸ்தலத்துக்கு வந்து பாத்தா மாட்டறது நீங்கதான். நாகர்கோவில்ல அபார்ட்மெண்ட் முதல் விற்பனைன்னா 50 லட்சம் வரை முத்திரை 4%தான், 2023 டிசம்பர்லருந்து. பெண்கள் பேர்ல 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துன்னா பதிவுக்கட்டணத்துல 1% குறையும்.

ஜிஎஸ்டி, கட்டிட்டு இருக்கிற அபார்ட்மெண்ட் வீடு புக் பண்ணினா 5%, 45 லட்சமும் 90 சதுர மீட்டரும் தாண்டாததுக்கு 1%. முடிஞ்ச வீட்டுக்கும் பழைய வீட்டுக்கும் கிடையாது.

லோன் 30 லட்சம் வரைக்கும் மதிப்புல 90% வரை தரலாம், அதுக்கு மேல 75 லட்சம் வரை 80%. இது அதிகபட்சம்தான். பழைய வீட்டுக்கு பேங்க் இன்ஜினியர் கட்டட வயசைக் கழிச்சு மதிப்பு போடுவாரு, மீதி ஆயுசை வச்சுத்தான் தவணை வருஷமும், அதனால 30 வருஷ வீட்டுக்கு நீங்க எதிர்பாத்த லோன் கிடைக்காம போகலாம். லோன் நம்பித்தான் வாங்கறீங்கன்னா பேங்க் லீகல், வேல்யுவேஷன் ரெண்டும் முடிஞ்ச பிறகு அட்வான்ஸ் குடுங்க.

கைல ரிப்பேருக்கு ரொக்கம் இல்ல, உடனே குடியேறணும், ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்கன்னா நல்ல மேட்டுல உள்ள புது வீடு பாருங்க. கொஞ்சம் பணம் ஒதுக்க முடியும், கூட நின்னு வேலை பாக்க ஆள் உண்டுன்னா பழசு, ஏன்னா அதே விலைக்கு ரெண்டு சென்ட் கூடவும் காய்க்கிற மரமும் நல்ல கிணறும் கிடைக்கும்.

படி 7: முடிக்கும்போது

அட்வான்ஸ் அக்ரிமெண்ட்ல, பேப்பர்ல குறை வந்தா எத்தனை நாள்ல பணம் திரும்ப வரும்னு எழுதுங்க. எல்லாம் பேங்க் வழியா குடுங்க. பத்திரம் பதியறதுக்கு முந்தின நாள் வில்லங்கம் இன்னொரு தடவை போடுங்க. பழைய வீடுன்னா தீர்வை, வீட்டு வரி, இபி பில் பாக்கி இல்லாத ரசீது வாங்கிட்டு, ஆள் காலி பண்ணி சாவி கைக்கு வந்த அன்னைக்குத்தான் கடைசித் தொகை. புது வீடுன்னா இபி கனெக்ஷன் வீட்டு டேரிஃபுக்கு மாறிருக்கான்னு பாருங்க, கட்டும்போது வாங்கின தற்காலிக கனெக்ஷன்லயே விட்டுட்டுப் போயிருவாங்க. பதிஞ்ச கையோட பட்டா, வீட்டு வரி, இபி மூணுக்கும் பேர் மாத்த எழுதிக் குடுங்க. உட்பிரிவு இருந்தா சர்வேயர் வந்து அளக்கணும், அன்னைக்கு பக்கத்து இடத்துக்காரங்களையும் கூப்பிட்டு நிக்க வச்சு கல் போட்டுருங்க.